புதன்கிழமைத் தலைவலி: எங்கள் ஃபேக்டரி கவுன்சலிங் அறையைப் பற்றி

ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதுகிறோம், மிக்சிக்கு எழுதுகிறோம். கம்பெனிக்குள் வாரம் ஒரு நாள் வந்து உட்காரும் சைக்காலஜிஸ்டைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. எழுதினால் "அப்ப நீ போனியா?" என்று கேட்பார்களே, அந்த பயம். நான் போனேன். ஆறு தடவை. கம்பெனியின் பெயரும் வேண்டாம், இந்தச் சேவையை நடத்துகிறவர்களின் பெயரும் வேண்டாம். எனக்கு இன்னும் பதினாலு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது. ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகம் செய்கிற இடம், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் ஷாப்பில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். இவ்வளவு போதும்.

போன வருஷம் நோட்டீஸ் போர்டில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். எங்கள் லைனில் லேப்டாப் வைத்துக்கொண்டு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கீழே இரண்டு விஷயம் போட்டிருந்தது. 24 மணி நேரமும் போனில் பேசலாம். புதன்கிழமை 11 மணியிலிருந்து 4 மணி வரை ஆலோசகரை நேரிலும் பார்க்கலாம். நிரந்தர ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வருஷத்துக்கு ஆறு அமர்வு இலவசம். 'நிரந்தர' என்ற வார்த்தையை அப்போது கவனிக்கவில்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் போனைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். சி ஷிப்டில் இருந்தபோது ராத்திரி 2.40-க்கு கம்ப்ரசர் ரூம் பின்னால் நின்று கூப்பிட்டேன். பியானோ இசை. ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு. தமிழுக்கு நம்பரே இல்லை. ஒன்றை அழுத்தினேன். பேசிய பெண் நல்ல மாதிரிதான். ஆனால் என் ஆங்கிலம் டிராயிங்கில் இருக்கிற டைமென்ஷனைப் படிக்கப் போதும், மனசில் இருப்பதைச் சொல்லப் போதாது. 'ஸ்லீப், நோ ஸ்லீப்' என்று நாலு வார்த்தை சொன்னேன். தமிழ் பேசுகிறவர் திரும்ப அழைப்பார் என்றார். அழைத்தார், காலை 11 மணிக்கு. சி ஷிப்ட் முடித்து வந்தவன் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் கண் அசந்திருந்தேன். போனில் எழுப்பி "தூக்கம் வரலைன்னு சொன்னீங்களாமே சார்" என்று கேட்டார்கள். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறாள். போன் சேவைக்கு ஐந்துக்கு ஒன்று. அதுவும் அந்தப் பெண் கடைசி வரை எரிச்சல்படாமல் பேசியதற்காக.

இனி அறை. ஓ.எச்.சி.க்கு, அதாவது ஃபேக்டரிக்குள் இருக்கிற மருத்துவ மையத்துக்குப் போகிற வழியில், பழைய ரெக்கார்டு ரூமைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாற்காலி, ஒரு டீப்பாய், ஒரு பிளாஸ்டிக் மணிபிளான்ட், ஒரு டப்பா டிஷ்யூ. கதவு முழுக்கக் கண்ணாடி. அதற்கு நேர் எதிரே கேன்டீன் டோக்கன் வரிசை. பன்னிரண்டரைக்கு முந்நூறு பேர் தட்டோடு நிற்கிற இடத்தில், கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஒருத்தன் அழ வேண்டுமாம். இடத்தைத் தேர்வு செய்தவர் ஒரு நாளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று மாதம் கழித்துத்தான் பால் நிற ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

போவதற்கும் சீட்டு வேண்டும். லைனை விட்டு நகர சூப்பர்வைசர் கையெழுத்து. நானே சூப்பர்வைசர் என்பதால் எனக்கு மேனேஜர் கையெழுத்து. "எதுக்கு?" என்று கேட்டார். "தலைவலி சார், ஓ.எச்.சி. போறேன்" என்றேன். அங்கே சிஸ்டர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்: பெயர், எம்ப்ளாயி நம்பர், நேரம், காரணம். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தலைவலிதானே சார்?" என்று கேட்டு, அவரே எழுதிக்கொண்டார். பக்கத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு மேலே நாலு தலைவலி.

ஆலோசகர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவர். காஞ்சிபுரம் பேச்சு. உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மேடம், இங்க பேசறது எச்.ஆருக்குப் போகுமா?" அவர் 'கவலையே படாதீங்க' என்று சொல்லியிருந்தால் அன்றே எழுந்து வந்திருப்பேன். சொல்லவில்லை. என்ன போகும், என்ன போகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாதம் எத்தனை பேர் வந்தார்கள், பொதுவாக என்ன வகைப் பிரச்சினை, இந்தக் கணக்கு மட்டும் போகும். பெயர் போகாது. டிபார்ட்மென்ட்கூடப் போகாது, ஏனென்றால் நாலே பேர் இருக்கிற டிபார்ட்மென்டைச் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான். உங்கள் உயிருக்கோ வேறொருத்தர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது கோர்ட் கேட்டால், அப்போது மட்டும் வெளியே சொல்ல வேண்டி வரும், அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யத்தான் பார்ப்பேன் என்றார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கேட்டேன், கேட்டதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்: என்ன படித்திருக்கிறீர்கள்? கோபப்படவில்லை. கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில்., இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். மாத்திரை எழுதுவது சைக்யாட்ரிஸ்ட் என்கிற டாக்டர், நான் டாக்டர் இல்லை, தேவைப்பட்டால் அனுப்புவேன் என்றார். உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒருவர் வந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். 'கவுன்சலர்' என்று போர்டு வைத்திருப்பவர்களில் ஒரு வாரப் பயிற்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

நான் போன காரணத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பழைய 80 டன் பிரஸ் இருந்தது. பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து வந்து அடிக்கிற பாகம், இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் கீழே இருக்கிற அச்சுக்குள் (டை) இருக்க முடியாது, அவ்வளவுதான் தத்துவம். புது மெஷினில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு பட்டனையும் விட்டு, மறுபடி ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், ஏமாற்ற முடியாது. பழையதில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒற்றைக் கை போதும். இன்னொரு கையால் பீஸை எடுக்கலாம், வைக்கலாம். மணிக்கு நாற்பது ஐம்பது பீஸ் கூட வரும். ஒரு ராத்திரி அந்தப் பழைய பிரஸ்ஸில், கான்ட்ராக்டில் வந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, இரண்டு விரலில் நுனியை இழந்தான். இடது கை.

மறுநாளே எச்.ஆரில் அந்த ஷிப்டில் இருந்த எங்கள் எட்டுப் பேரையும் டிரெய்னிங் ஹாலில் வட்டமாக உட்காரவைத்து, 'யார் யார் என்ன பார்த்தீங்க, மனசுல இருக்கிறத கொட்டிடுங்க' என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஒரு பையன் வாந்தி எடுத்தான். இதைப் பின்னால் மேடத்திடம் சொன்னபோது முகம் சுருங்கியது. விபத்து நடந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைத் திரும்பச் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது என்றார். முதலில் தண்ணீர், வீட்டுக்குப் போக வண்டி, பக்கத்தில் ஒரு ஆள். பேச நினைக்கிறவன் பேசட்டும், கேட்க ஆள் இருக்க வேண்டும். உளவியல் முதலுதவி என்று இதற்குப் பெயர், 2011-லேயே அதற்குக் கையேடு போட்டுவிட்டார்கள். கை வெட்டுப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஷாப்பில் நாலு இடத்தில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. இதற்கு ஒரு படமும் இல்லை.

எனக்கு வந்தது தூக்கமின்மை, அப்புறம் சத்தம். வீட்டில் இட்லிப் பானை மூடி கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப் போடும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். முதல் அமர்வில் ஒரு தாளைக் கொடுத்தார், 9 கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று டிக் அடிக்க வேண்டும். தமிழ் கொஞ்சம் கவர்ன்மென்ட் தமிழ், புரிந்தது. ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிடச் செத்துப்போவதே மேல் என்று தோன்றியதா என்பது. 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்து, மறுபடி வைத்தேன்.

அவர் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். 27-க்கு 14, மார்க் ஏற ஏற மனச்சோர்வு அதிகம் என்று பொருள். அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகக் கேட்டார்: "சார், ஒன்பதாவதுல டிக் பண்ணியிருக்கீங்க. சாகணும்னு நினைச்சீங்களா?" என் அம்மாகூட அந்த வார்த்தையை என் முன்னால் சொன்னதில்லை. "அப்படி இல்ல மேடம். காலைல எழுந்திருக்காம இருந்தா நல்லா இருக்கும்னு." எப்போது தோன்றும், எப்படி என்று ஏதாவது யோசித்தேனா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று டாக்டர் ஜுரம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். குரல் மாறவில்லை, பதறவில்லை, அட்வைஸ் பண்ணவில்லை. ஒரு தாளில் மூன்று பேர் பெயரை என்னையே எழுதச் சொன்னார். நாலாவதாக 14416 என்று அவர் எழுதினார். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022-ல் ஆரம்பித்தது, காசில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம். கம்பெனி காசு கொடுத்து வாங்கிய போனில் இல்லாத தமிழ், இதில் இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். அங்கே டாக்டர் பார்த்துத் தூக்கத்துக்கு மட்டும் சில வாரம் மாத்திரை எழுதினார்.

தூக்கத்துக்கு மேடம் சொன்னதெல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ராத்திரி 3 மணிக்கு மேல் டீ கிடையாது. காலையில் கம்பெனி பஸ்ஸில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போக வேண்டும், வெயில் கண்ணில் பட்டால் மூளை பகல் என்று முடிவு கட்டிவிடுமாம். படுத்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும், படுக்கையிலேயே புரளக் கூடாது. ஆறரை மணி பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டவனைப் பார்த்து, 'என்னண்ணா, கண்ணு வலியா, ஹீரோ சான்ஸா' என்று கிண்டல். இரண்டு வாரத்தில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

மூன்றாவது புதன்கிழமைதான் வாயைத் திறந்தேன். விபத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், ரவுண்ட்ஸ் போகும்போது அந்த டேப்பை நான் பார்த்தேன். பிரவுன் டேப், ஓரம் கறுத்துப்போய், பல நாள் ஒட்டிய டேப். அன்றைக்கு டிஸ்பேட்ச் 400 பீஸ் பின்தங்கியிருந்தது. பார்த்துவிட்டு நடந்துவிட்டேன். விசாரணையில் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டில் ஸ்பூனைத் தட்டிக்கொண்டு நின்றான். மேடம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. 'உங்க மேல தப்பில்ல சார்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய். 'தப்புதான்' என்றும் சொல்லவில்லை. "இதை யாருக்குச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணுது?" என்று மட்டும் கேட்டார். இது எச்.ஆருக்குப் போகாது என்று முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சொல்லப்போவதில்லை. சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அதோடு கிடந்தேன். அடுத்த திங்கட்கிழமை சேஃப்டி ஆபீசரிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஃபைலில் இருக்கிறது. பழைய பிரஸ் மூன்றையும் நிறுத்தி, பட்டன் சர்க்யூட்டை மாற்றினார்கள். 'கவனக்குறைவு' என்று எழுதியதை மட்டும் யாரும் மாற்றவில்லை.

ஒரு சைக்காலஜிஸ்ட் கம்பெனிக்குள் என்ன செய்ய முடியும், எங்கே நின்றுவிடுவார் என்பது எனக்கு இதில்தான் விளங்கியது. சம்பளம் கொடுப்பது கம்பெனி, உட்கார்ந்து அழுவது நாம். அவர் யாருடைய ஆள்? இதையே அவரிடம் கேட்டேன், ஐந்தாவது அமர்வில். பழைய கேள்வி சார் என்றார். 1936-ல் சிகாகோ பக்கம் ஹாதோர்ன் என்ற டெலிபோன் ஃபேக்டரியில் கவுன்சலர்களை லைனிலேயே நடமாட விட்டிருக்கிறார்கள். தொழிலாளி சொல்வதைக் கேட்பது மட்டும்தான் வேலை. அட்வைஸ் கூடாது, போர்மேனிடம் போய்ச் சொல்லக் கூடாது, எதையும் மாற்றவும் கூடாது. ஏறத்தாழ இருபது வருஷம் நடந்து, அப்புறம் நின்றுபோனது. 'கேட்டுக்கிட்டே இருக்கீங்க, எதையும் மாத்த மாட்டேங்கறீங்க' என்ற குறை அந்தக் காலத்திலேயே உண்டாம். "அந்தக் குறை என் மேலயும் சொல்லலாம் சார்," என்றார். "நான் மாசாமாசம் கொடுக்கற ரிப்போர்ட்ல, இத்தனை பேர் ஷிப்ட் மாறுதலாலயும் டார்கெட்டாலயும் தூங்காம வர்றாங்கன்னு எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல." மழுப்பாமல் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

500 பேர் வேலை செய்கிற இடத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது, அப்படி எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை, லோன் பாரம் எங்கே என்று அவரிடம் போவோம். மனசைக் கொண்டுபோய் அவரிடம் யாரும் வைத்ததில்லை.

இப்போது அந்த 'நிரந்தர' வார்த்தை. விரல் போனவன் கான்ட்ராக்ட். அவனுக்கு இந்த அறை கிடையாது. கட்டு மாற்ற ஓ.எச்.சி.க்கு வருவான், அடுத்த கதவு வரை வருவான், அதற்குள் வர முடியாது. ஈ.எஸ்.ஐ. பணம் வந்தது, கை ஆறியது. பேக்கிங்கில் போட்டார்கள், பிரஸ் ஷாப் வாசலுக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறான். பார்த்த எனக்கு ஆறு அமர்வு, பட்டவனுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் பிரஸ் ஷாப்பில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள்தான், அவர்களை விட்டுவிட்டு 'ஊழியர் நலம்' என்று போஸ்டர் ஒட்டுவதற்கு என்ன பொருள்? இதை எச்.ஆரில் கேட்டேன். அக்ரிமென்ட்டில் இல்லை என்றார்கள், அடுத்த ரினியூவலில் பார்க்கலாம் என்றார்கள். பையன் எப்படியோ இரண்டு தடவை மேடத்தைப் பார்த்துவிட்டான். எப்படி என்று எழுத மாட்டேன். சிஸ்டர் நல்லவர்.

அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஹாலில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். வெளியிலிருந்து வேறு ஒருத்தர் வந்திருந்தார். ஆளுக்கொரு பலூன். கவலையை எல்லாம் நினைத்து ஊத வேண்டும், அப்புறம் உடைக்க வேண்டும். பிரஸ் சத்தத்துக்கே தூக்கிப் போடுகிறவன் பக்கத்தில் நூறு பலூனை உடைத்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையிலேயே களைத்து ஓய்ந்துபோவதற்கு, தியானம் என்று ஒரு ஸ்லைடு. பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளாத நீண்ட கால வேலை அழுத்தத்தால் வருவது என்கிறது, மேடம் சொல்லியிருந்தார். அப்படியென்றால் வேலையை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? நிகழ்ச்சிக்குப் போன ஒன்றரை மணி நேரத்துக்கான பீஸை அன்றைக்கே ஓவர்டைமில் ஈடுகட்டச் சொன்னார்கள்.

மார்க் கேட்டால், ஆலோசகருக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது, எல்லா வாரமும் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு. வாலாஜாபாத் ரோடு டிராஃபிக் எனக்கும் தெரியும், ஆனால் எனக்குச் சீட்டில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். அறைக்கும் ஏற்பாட்டுக்கும் ஒன்றரை. சி ஷிப்ட்காரன் புதன்கிழமை பகல் 11 மணிக்கு வர முடியாது, இதைக்கூட யோசிக்கவில்லை. ஆறு அமர்வு பலருக்குப் போதும், எனக்கு ஏழாவது தேவைப்பட்டது. அதற்கு வெளியில் விசாரித்தேன், ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் சொன்னார்கள். ஏப்ரலில் புது வருஷக் கணக்கு ஆரம்பிக்கும் வரை காத்திருக்கிறேன். அந்த ஒன்பது கேள்வித் தாளில் கடைசியாக எனக்கு வந்தது 6.

போகலாமா என்று கேட்டால், போங்கள். முதல் நாள், எச்.ஆருக்குப் போகுமா, என்ன படித்திருக்கிறீர்கள் என்ற அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள், பதில் சரியாக வந்தால் உட்காருங்கள். பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நேரம் வாங்காதீர்கள், கேன்டீன் வரிசை. நாற்காலி இரண்டில் சுவர் பக்கம் இருப்பதில் உட்காருங்கள், கதவுக்கு முதுகு காட்டலாம்.

போன மாதம் சேஃப்டி கமிட்டி மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் ஓ.எச்.சி. நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாராம்: "அதென்ன, புதன்கிழமை மட்டும் இவ்வளவு பேருக்குத் தலைவலி?" யாரும் வாயைத் திறக்கவில்லை. பெயின்ட் ஷாப் புகை ஏதாவது இந்தப் பக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். அடுத்த புதன்கிழமை மெயின்டனன்ஸில் இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, எக்ஸாஸ்ட் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, சிஸ்டரிடம் போய்த் தலைவலி என்று எழுதிவிட்டு உள்ளே போனான்.